பழத்தட்டு ஏற முடியாத மொட்டைமாடி

சரோஜாக்கா மகள் தேவியின் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்தவர்கள்: கே.கே. நகரிலிருந்து வேன் பிடித்து மாப்பிள்ளை வீட்டார், மயிலாப்பூரில் எங்கள் சந்து மொத்தமும், ஒரு ஐயர், ட்ரோனோடு ஒரு போட்டோகிராபர். வராதவை: வாழைப்பழம், மாம்பழம், ஊதுபத்தி. வராதவை என்பதுகூடத் தப்பு. வந்தன. மாடிப்படியிலேயே மறிக்கப்பட்டன. மறித்தவர் டூத்பிக் சார்.

மாமியாரை எதிர்த்தவர்கள் உண்டு, மாமனாரை எதிர்த்தவர்கள் உண்டு. சம்பந்தி வீட்டுப் பழத்தட்டை எதிர்த்து நின்ற ஒரே மனிதர் அவர்தான் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

சரோஜாக்கா எங்கள் வீட்டு ஓனர். கீழே இட்லி மாவுக் கடை. மொட்டைமாடியில் எதிரெதிரே இரண்டு அறைகள். ஒன்றில் நான், எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன், அதுவும் பாட்டனி. இன்னொன்றில் டூத்பிக் சார். தி. நகரில் ஏதோ ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் இவர் டூத்பிக் செருகியிருப்பார். ஒரு ஆர்க்கிட் பூவின் மகரந்தத்தை நுனியில் ஒட்டியெடுத்து இன்னொரு பூவுக்குள் வைக்கத்தான். ஓட்டலில் யாராவது பல் குத்த ஒன்று கேட்டால், கிட்னியைக் கேட்டது மாதிரி பதறுவார்.

அவருக்கு ஒரே லட்சியம். கடையில் விற்கிற ஆர்க்கிட்டுகளில் பாதி ஒட்டகச்சிவிங்கி மாதிரி வளருமாம். மீதி, மெட்ராஸ் மே மாதத்தைக் கண்டதும் உயிரை விடுமாம். சாண் உயரத்தில், சின்னத் தொட்டியில், பால்கனி அனலிலும் பூக்கிற புது ரகம் ஒன்றை உண்டாக்க வேண்டும். அதற்காக நெட்டை ஊதாவுக்கும் குட்டை வெள்ளைக்கும் கலப்பு மணம் செய்துவைத்தார். காய் முற்றியது. உள்ளே விதை, முகப் பவுடர் மாதிரி. பறந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தினார். அப்புறம் என்னையும் மூச்சை நிறுத்தச் சொன்னார்.

விதை முளைக்க ஜாம் பாட்டிலில் தனிச் சாப்பாடு: இளநீர், சர்க்கரை, மசித்த வாழைப்பழம், கெட்டியாக உறைய கடல்பாசி. கிருமி சாக, சரோஜாக்காவின் குக்கரில் விசில் விட்டு எடுப்பார். குக்கரைத் திரும்ப வாங்க வந்த சரோஜாக்கா ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டார்.

"நல்லாத்தான் கீது சார். ஏலக்கா போட மறந்துட்டியா?"

டூத்பிக் சார் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

பாதிப் பாட்டில்கள் பூஞ்சை பிடித்துப் போயின. மீதி நாற்றுகளைத் தொட்டிக்கு மாற்றினார். வெயில் பாதியைத் தின்றது. நாலு வருஷம் கழித்து ஒரே ஒரு செடி பூந்தண்டு விட்டது. ஆறு மொட்டு. நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருந்தது. தொட்டி இருந்ததோ மேடை போடவேண்டிய இடம்.

"சார், தொட்டிய கொஞ்சம் நவுத்திக்கிறியா?"

"ஐயையோ, நகத்தப்படாது சரோஜா! வெளிச்சம் ஒரு பக்கத்துலேர்ந்தே வந்துண்டிருக்கு, அதுக்குப் பழகிடுத்து. இடம் மாத்தினா மொட்டெல்லாம் கொட்டிடும்."

"மாப்பிள்ளைய வேணா நவுத்திடவா?"

"முடியுமா?" என்றார், நிஜமான ஆசையோடு.

கடைசியில் மேடை தொட்டியைச் சுற்றிப் போடப்பட்டது. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் செடி. பார்த்தால் அதற்குத்தான் நிச்சயம் என்று தோன்றும். அப்புறம்தான் குண்டைப் போட்டார்: பழம் கூடாது, ஊதுபத்திப் புகையும் கூடாது.

"பழுத்த பழத்துலேர்ந்து ஒரு வாயு கிளம்பும், மொட்டு பொத்துன்னு விழுந்துடும். தம்பி, நீ பாட்டனிதானே, சொல்லேன்!"

சொன்னேன். அவர் சொன்னது உண்மை. அதுதான் கொடுமை.

"இன்னா சார் இது? குட்டியா இருக்கச் சொல்ல வாயப்பயம் ஊட்டினே, இப்ப வாயப்பயம் ஆவாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டாலும், சரோஜாக்கா தன் பக்கத் தட்டுகளில் தேங்காயும் கல்கண்டும் பேரீச்சையும் வைத்து ஒப்பேற்றினார். சம்பந்தி வீட்டுக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

அவர்கள் தட்டு தட்டாகப் பழத்தோடு வந்தார்கள். மாம்பழ வாசனை முதல் மாடியைத் தாண்டியதும் டூத்பிக் சார் படியில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

"யாருங்க இவரு? பொண்ணுக்குத் தாய்மாமனா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்லீங்க, குடித்தனக்காரர்," என்றேன்.

"வாடகைக்கு இருக்கிறவரு எங்க சீர்த்தட்டைத் தடுக்கிறாரா?"

நான் அவசர அவசரமாக அந்த வாயுவைப் பற்றி விளக்கினேன். மாப்பிள்ளையின் பெரியப்பா கவலையோடு தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். அந்த அம்மா தடவிக்கொள்ளவில்லை.

"பழம் ஆகாத வீட்ல நமக்கு என்ன வேலை? வேனைத் திருப்பச் சொல்லுங்க."

மேளம் நின்றது. மேடையில் பட்டுப்புடவையில் தேவி. அவளும் அந்தப் பையனும் காதலித்து, இரண்டு வீட்டையும் தலையாட்ட வைக்க நாலு வருஷம் ஆகியிருந்தது. செடிக்கு ஆன அதே நாலு வருஷம். அவள் அழவில்லை. நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான்.

டூத்பிக் சார் திரும்பி அவளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். விறுவிறுவென்று மேடை ஏறி, யாரையும் தொடவிடாத அந்தத் தொட்டியைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வாழைத்தார், மாம்பழக் கூடை எல்லாவற்றையும் உரசிக்கொண்டு படி இறங்கினார்.

"நேரமாறது, மேல போங்கோ மாமி," என்றார் அந்த அம்மாவிடம்.

நிச்சயம் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தி முடிந்து நான் இறங்கிப் பார்த்தபோது, மாவுக் கடை கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செடிக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொட்டி மாடிக்குத் திரும்பியது; அன்றிலிருந்தே மொட்டுகள் விழ ஆரம்பித்தன. தேவி தினமும் காலையில் மாடிக்கு வந்து மிச்ச மொட்டை எண்ணிவிட்டு இறங்குவாள். கடைசி மொட்டு மட்டும் பிடிவாதமாக நின்று பூத்தது. ஊதாவும் இல்லை, வெள்ளையும் இல்லை. நீர்மோர் நிறம், உதடு என்கிற கீழிதழில் மட்டும் வெற்றிலைச் சிவப்பு. "தாம்பூலம் போட்ட மாதிரி கீது சார்!" என்று சரோஜாக்கா கத்த, டூத்பிக் சார் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நாளெல்லாம் அதன் எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

தேவியின் கல்யாணத்தில் அவர் மொய்க் கவரை நீட்டியபோது சரோஜாக்கா அதை அவர் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டார். "போ சார், நீ அப்பவே குட்த்துட்டே."

கொடுத்தது ஐந்து மொட்டு.