டி.சி. வாங்கப் போன கதை

இன்னிக்கு ஒரே வேலைதான் மக்களே. காலேஜுக்குப் போய் டி.சி. வாங்கினு வரணும்.

முப்பத்தாறு வயசுல பி.ஏ. சேர்ந்தவ நானு. காலையில காசிமேட்டுல மீன் வியாபாரம், சாயங்காலம் காலேஜு. மொத செமஸ்டர்லயே இங்கிலீஷ் புட்டுக்கிச்சு. இது நமக்கு ஒத்து வராதுன்னு நல்ல பொடவையா ஒண்ணு கட்டிகினு கெளம்பிட்டேன்.

அங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ரூமு. ரெண்டு போர்டும் இங்கிலீஷ்ல கீது. இங்கிலீஷ்ல ஃபெயிலானவ எதுல பூந்திருப்பா? தப்பானதுலதான்!

உள்ள ஒரு மேடம். என் பொடவையப் பார்த்தாங்க, நரைமுடியப் பார்த்தாங்க.

"உக்காருங்கம்மா. என்ன விஷயம்?"

"டி.சி. வேணும் மேடம்."

"பொண்ணுக்கா, பையனுக்கா?"

எனக்கு வெக்கமாப் பூடுச்சு. "பொண்ணுக்கு"ன்னுட்டேன். பொய் இல்லியே, நானும் பொண்ணுதானே!

"எதுல ஃபெயில்?"

"இங்கிலீஷு."

"வீட்ல திட்டுனீங்களா?"

"ரிசல்ட்டு வந்ததுலேர்ந்து திட்டிகினேதான் கீறேன்."

அவ்ளோதான்! மேடத்துக்குக் கோவம் வந்துடுச்சு.

"ஒரு பேப்பர் போனா படிப்பையே நிறுத்திடுவீங்களா? எவ்ளோ ஆசையா சேர்ந்திருப்பா! 'உன்னால முடியும்'னு ஒரு தடவையாவது சொல்லிருக்கீங்களா?"

யோசிச்சேன். ஒரு தடவகூட சொன்னதில்ல. பொலபொலன்னு அழுவ வந்துடுச்சு.

மேடம் தண்ணி பாட்டில நீட்டிகினே அவங்க ரூம் எதுக்குன்னு சொன்னாங்க. அரியர் வெச்சவங்களுக்குத் தனி கிளாஸ் கீதாம். ஃப்ரீயாம்! புரியலன்னா சீனியர் ஒருத்தர் கூடவே உக்காந்து சொல்லித் தருவாங்களாம். இத்தினி நாளு இந்த ரூமத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போனேன், ஒண்ணும் தெரியாது!

"நாளைக்கு அவள அனுப்புங்க. நான் பேசறேன்."

"அது வந்து... வேணாம் மேடம்."

"ஏம்மா தடுக்கறீங்க? அவ வாயத் தொறந்து பேசட்டும்!"

"அவதான் மேடம் இவ்ளோ நேரம் பேசிகினு கீறா."

மேடம் என் பொடவையயும் நரைமுடியயும் மறுபடியும் பார்த்தாங்க. அப்பறம் மேடம் சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்ல டி.சி. குடுக்கற க்ளார்க்கு ஓடியாந்து எட்டிப் பார்த்தாரு.

"இன்னா மேடம், டி.சி.ன்னு காதுல வுழுந்துச்சே, யாருக்கு?"

"யாருக்கும் இல்ல சார்!" மேடமும் நானும் ஒண்ணாச் சொன்னோம்.

செவ்வா, வியாழன் கிளாஸு. ஃபாரத்த ஃபில்லப் பண்ணிகினு வந்தா, கடைசில 'பெற்றோர் கையெழுத்து'ன்னு ஒரு கட்டம். மேடத்த நிமிந்து பார்த்தேன்.

"அதையும் நீங்களே போட்டுடுங்க."

போட்டுட்டேன். பொண்ணு மேல இப்பதான் கொஞ்சம் நம்பிக்கை வந்துகீது.