சீடை விழுங்கிய எழுத்துகள்

கோகுலாஷ்டமிச் சீடை ஒன்றைக் கடித்தார் வித்துவான் பிச்சுமணி. உடைந்தது சீடையல்ல, அவருடைய மேல்வரிசை முன்பற்கள்.

மறுநாள் காலை அவருக்கு இன்டர்வியூ. விளாங்குடியில் புதிதாகத் திறந்த பள்ளிக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று காதில் விழுந்ததுமே, மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல், வேலை கிடைத்துவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பழைய பள்ளியில், கடவுள் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்த தலைமையாசிரியரை நடுவில் நிறுத்தி ழகரத்தைத் திருத்திய நாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை. இதுவும் போனால் மாமனார் வீட்டு மாடிதான் கதி.

'த' என்று சொல்லிப் பார்த்தார். நாக்கு நுனி முட்டிக்கொள்ளப் பல் இல்லாததால் வெறும் காற்று வந்தது.

மனைவி ஜகதாம்பாள் மெழுகுவத்தியை உருக்கி ஓட்டையை அடைத்தாள். தகரம் கணீரென்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வித்துவான் காபி கேட்டார். சூட்டில் மெழுகும் தகரமும் ஒன்றாகத் தொண்டைக்குள் இறங்கின.

அடுத்து, வில்லாபுரத்திலிருக்கும் அண்ணன் சிவசங்கரனின் பொய்ப்பல்லை இரவல் வாங்கி வந்தாள். சிவசங்கரனுக்குப் பெரிய வாய். அதை மாட்டியதும் வித்துவானின் உதடுகள் ஒன்றையொன்று சந்திக்க மறுத்தன. உதடு சேராமல் 'ப' ஏது, 'ம' ஏது?

"உங்க பேரைச் சொல்லுங்கோ, பார்ப்போம்."

"இச்சு... அணி."

"பேரைக் கேட்டா சிரிச்சுண்டே நின்னுடுங்கோ. எப்படியும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கு."

பல்செட் ஆடியது. அது ஆடாமலிருக்க அண்ணத்தில் பஞ்சு வைத்தாள். இப்போது நாக்கு மேலே வளைய இடமில்லை. ஒரு தலைமையாசிரியரையே மண்ணைக் கவ்வவைத்த ழகரம் ஒழிந்தது. போகிற போக்கில் டகரத்தையும் கூட்டிக்கொண்டு போயிற்று. ஈறு வலிக்குக் கிராம்புத் தைலம் தடவினாள். நாக்கு மரத்து, மிச்சமிருந்த எழுத்துகளும் படுத்துவிட்டன.

காலையில் பல்லைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, ஆரப்பாளையத்தில் ஜட்கா பிடித்துப் போய்ச் சேர்ந்தார்.

வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பின்சுவரை ஒட்டிக் கமிட்டியார். ஆரம்பிக்கலாம் என்று மேனேஜர் தலையை ஆட்டினார்.

வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் வேலை போகும். வித்துவான் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு வாயைத் திறந்தார். பெரிய ரகசியத்தை வெளியிடுகிறவர்போல ஒரு விரலை உயர்த்தி, பல் இருந்த இடத்தில் நாக்கை வைத்துக் காட்டினார். உதடுகளை ஒட்டிப் பிரித்தார். நாக்கை மேலே வளைத்து நிறுத்தினார். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்து, தங்கள் வாய்க்குள் விரலை விட்டு, அவர் செய்ததையெல்லாம் செய்தார்கள். கேலி செய்கிறார்கள் என்றே அவருக்குப் பட்டது. பின்னால் கமிட்டியார் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

அவ்வளவுதான் என்று முடிவு கட்டி, குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பள்ளி ஆயா பாண்டியம்மாள் வாசல்வரை ஓடிவந்து மறித்தாள்.

"எங்க சாமி போறீக? வேலை உங்களுக்குத்தானாம்."

வித்துவான் குடைப்பிடியால் தன் நெஞ்சைத் தொட்டு, 'எனக்கா?' என்று சைகை காட்டினார்.

"முன்னால வந்த வித்துவாங்க அம்புட்டுப் பேரும் தொண்டை கிழியக் கத்திட்டுப் போனாக. உங்களுக்குத்தான் முன்பல்லு இல்லாம, நாக்கு போற எடமெல்லாம் பளிச்சுன்னு தெரியுதுன்னு மேனேசர் ஐயாவுக்கு ஒரே சந்தோசம். இங்க ஒரு புள்ளைக்கும் காது கேக்காதுல்ல, சாமி."