சனிக்கிழமைக் கிளினிக்

"ஒவ்வொரு சனிக்கிழமையும் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு அப்பிடி எங்க போறியள், மிஸ்?"

மனேஜர் தம்பிராசா இப்படித் திடீரென்று கேட்பார் என்று நிரோஜினி எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியும் அவளுக்குப் பழக்கமில்லை. வாயில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"கிளினிக், சேர்."

உட்துறைமுக வீதியில் இருந்த அந்தக் கப்பல் முகவர் அலுவலகத்துக்குத் தம்பிராசா நல்ல மனேஜர்தான். ஆனால் யாராவது தும்மினால் ஏன் தும்மினார் என்று விசாரித்து முடிக்காமல் அடுத்த கையெழுத்தை வைக்க மாட்டார்.

"கிளினிக்கோ? என்ன வருத்தம்?"

"தொண்டை. கொழும்பு டொக்டர் சனிக்கிழமைகளிலதான் இங்க வாறவர்."

உண்மையில் அவள் போனது நிலாவெளி வீதியில் நடக்கும் வகுப்புக்கு. வேலை பார்த்துக்கொண்டே இசையில் முதுமாணிப் பட்டத்துக்குப் பகுதி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். போன தடவை இதை ஊரெல்லாம் சொல்லி, பாட்டுப் பரீட்சைக்கு முதல் நாளே அலுவலகத்தில் கேக்கும் கொடுத்தாள். பரீட்சையில் கோட்டை விட்டாள். பாட்டு நன்று, தாளம் நிற்கவில்லை என்றார்கள். அதன் பிறகு அவளுடைய மேசையைக் கடந்து போன எல்லோரும் அதில் ஒரு தாளம் தட்டிவிட்டே போனார்கள். படிப்பை விட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் தட்டுவது நின்றது.

இப்போது இரண்டாவது தடவை. இதுதான் கடைசிச் சந்தர்ப்பமும். தவறினால் இத்தனை வருடப் படிப்பும் வீண். ஆகவே பாஸ் பண்ணும் வரை ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை என்று இருந்தாள்.

திங்கட்கிழமை அவள் மேசையில் ஒரு போத்தல் இருந்தது.

"பள்ளிவாசல்ல ஓதின தண்ணி, மிஸ். மூணு வேளையும் குடிங்க. தொண்டை சுகமாகிடும்" என்றான் வான் சாரதி பாயிஸ்.

பக்கத்து மேசை அனுஷியா கொத்தமல்லி அவித்த தண்ணீர் கொண்டுவந்தாள். நிரோஜினிக்கு வெட்கமாக இருந்தது. இரண்டையும் குடித்தாள்.

அந்த வாரம் அனுஷியாவின் பிறந்தநாள். குளிர்ந்தது எதையும் தொடக் கூடாது என்பது பாட்டு ஆசிரியையின் கட்டளை. ஐஸ்கிரீம் என்றால் உயிரை விடும் நிரோஜினி அன்று வேண்டாம் என்று தலையாட்டினாள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பரீட்சைக்கு முந்திய வாரம் ஆசிரியை அடுத்த கட்டளை போட்டார். "பாடுற நேரம் தவிர வாய் திறக்கப்படாது. குரலுக்கு ஓய்வு குடுக்கோணும்."

அலுவலகத்தில் நிரோஜினி துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டத் தொடங்கினாள்.

"ஐயோ, கதைக்கவும் ஏலாதோ?" என்றாள் அனுஷியா.

'பயப்பட ஒன்றுமில்லை' என்று எழுதினாள் நிரோஜினி.

"எங்கட மாமியும் இப்பிடித்தான் சொன்னவ" என்று அனுஷியா விம்மினாள். மாமிக்கு என்ன ஆனது என்று நிரோஜினி கேட்டு எழுதவில்லை.

பரீட்சை புதன்கிழமை. சனிக்கிழமைக் கிளினிக்கைப் புதன்கிழமைக்கு எப்படி மாற்றுவது? லீவு கேட்டு மனேஜர் முன்னால் நின்றாள். அவர் காரணம் கேட்டார். 'சின்ன ஒப்பரேசன்' என்று எழுதினாள். எழுதிய கையை வெட்டலாம் போல இருந்தது.

தம்பிராசா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்தார். அன்று மாலை கோணேசர் கோயில் விபூதி அவள் மேசைக்கு வந்தது.

புதன்கிழமை காலை லிங்கநகர் வீட்டிலிருந்து பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். மண்டபத்துக்குள் போய், சுருதி சேர்த்து, மேடையில் உட்கார்ந்தாள். எதிரே மூன்று பரீட்சகர்கள். நடுவில் இருந்தவர் போன தடவை அவளைப் பெயிலாக்கிய அதே பெரியவர்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். குரல் அன்று நன்றாகவே வந்தது. ஆனால் பல்லவியில் தாளம் ஒருமுறை வழுக்கியது. சமாளித்தாள். மறுபடியும் வழுக்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே பாட்டை முடித்துக் கண்ணைத் திறந்தாள்.

வாசலில் அவளுடைய அலுவலகமே நின்றது. தம்பிராசா கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அனுஷியா வாய்விட்டு அழுதாள். யன்னலில் பாயிஸின் தலை.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "தாளம் ரெண்டு இடத்தில தவறினது."

"ஓம், ஐயா."

"சரி, அதையெல்லாம் இப்ப ஏன் கதைப்பான், அம்மா? நீங்கள் பாஸ். திறமான பாஸ்." அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மையார் எழுந்துவந்து நிரோஜினியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

கல்லுப் போல இருந்த மனிதரையே அழவைத்துவிட்டோம்! நிரோஜினிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை.

வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சேர். கிளினிக்கும் இல்லை, ஒப்பரேசனும் இல்லை. திரும்பவும் தவறினால் சிரிப்பியள் எண்டுதான் மறைச்சனான். நீங்கள் எப்பிடி இங்க?"

"உங்களை வீட்டில ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் குடுப்பம் எண்டு எல்லாரும் வானில வெளிக்கிட்டனாங்கள்" என்றார் தம்பிராசா. "பார்த்தால் நீங்கள் பட்டுச்சேலையோட ஓட்டோவில ஏறுறியள். ஒப்பரேசனுக்கு ஏன் பட்டுச்சேலை எண்டு யோசிச்சுப் பின்னால வந்தனாங்கள். அப்ப உண்மையா ஒரு வருத்தமும் இல்லையோ?"

"ஒண்டுமில்லை, சேர்."

கோபிப்பார் என்று பார்த்தால் அவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அனுஷியா அழுதபடியே சிரித்தாள்.

"இண்டைக்கு என்ர செலவில ஐஸ்கிரீம்!" என்றாள் நிரோஜினி. "தாளம் பிழைச்சும் பாஸ் போட்டவை எண்டால், என்ர பாட்டு அவையின்ர மனசைத் தொட்டிருக்கு."

பாயிஸ் மட்டும் சிரிக்கவில்லை. வான் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான்.

"மிஸ், நீங்க உள்ள சுருதி சேர்க்கக்குள்ள பரீட்சை வைக்கிற அந்த மூணு பேரும் வெளிய தேத்தண்ணி குடிச்சிட்டு நிண்டாங்க. நாங்கதான் போய்ச் சொன்ன, 'இங்க இருந்து நேரா ஒப்பரேசனுக்குத்தான் போறாங்க, அதோட குரல் போயிடும், இதுதான் மிஸ்ஸுக்குக் கடைசிப் பாட்டு' எண்டு."