கண்ணாடி மங்கிய நாள்

தண்ணீர் லாரிக்கு முன்னால்கூட அப்படியொரு வரிசை நின்றதில்லை. கண்ணாடிச் சித்தரின் மாடிப்படியில் நின்றது. அத்தனை பேரும் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் செய்தித்தாள் சுற்றிய ஒரு சின்ன பாட்டில். உள்ளே இருந்தது காலையில் பிடித்த சிறுநீர்தான், அமுதம் அல்ல.

சித்தர் பாட்டிலை வாங்கிக்கொண்டு கறுப்புத் திரைக்குப் பின்னால் போவார். அங்கே ஞானக் கண்ணாடி இருக்கிறதாம். வயிற்றில் பிள்ளை உண்டா இல்லையா என்று அது சொல்லுமாம். டீ ஆறுகிற நேரத்தில் வெளியே வந்து "உண்டு" என்பார், அல்லது "இல்லை" என்பார். முக்கால்வாசி பலித்துவிடும். பலித்தால் கண்ணாடியின் மகிமை. பலிக்காவிட்டால் வந்தவளின் பாவம்.

"இல்லை" என்று சொல்லியும் மாதவிலக்கு வரவில்லையென்றால், "அடைப்பு" என்று சொல்லிக் கையில் கறுப்புக் கயிறு கட்டுவார். கவலையில் தள்ளிப்போனவளுக்கும் கயிறு. உடம்பு இளைத்ததில் தள்ளிப்போனவளுக்கும் கயிறு. ஷிப்ட் மாறித் தூக்கம் கெட்டவளுக்கும் அதே கயிறு. காரணம் எத்தனை இருந்தாலும் நூல்கண்டு ஒன்றுதான்.

"இதைப் போய் மருந்துக் கடையில கேக்க முடியுமா? நாலு ஆம்பளை நிப்பான். மானம் போயிடும்" என்பார்கள். நாற்பது பேர் பார்க்கப் பாட்டிலும் கையுமாகப் படியில் நின்றால் மட்டும் மானம் பத்திரமாக இருந்தது.

சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா போடுகிற ஒருத்தியும் அந்தப் படியில் நின்றாள். வீட்டுக்கு அவள் சின்ன மருமகள். நாள் தள்ளிய உடனேயே மாமியார் இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடி "இல்லை" என்றது. கயிறு ஏறியது. கொஞ்ச நாள் கழித்து ரத்தம் பட்டது. வழக்கம்போல் இல்லை. கறுப்பாக, துளித்துளியாக. கூடவே அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி.

மாமியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பாத்தியா, அடைப்பு விலகிடுச்சு!"

"ரொம்ப வலிக்குது அத்தை."

"விலகும்போது வலிக்காதா? பேசாம மெஷினைப் பாரு."

அவளும் கம்பெனியில் ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு மறு கையால் சட்டைகளுக்குக் காஜா போட்டாள்.

மூத்த மருமகள் தனிக்குடித்தனம் போனவள். மருந்துக் கடையில் வேலை. மாமியார் அவளுக்கு வைத்த பெயர் வாய்க்காரி. இந்த வாய்க்காரிக்குக் கொஞ்ச நாளாக ஒரு சந்தேகம். சித்தரின் மச்சான், கல்யாணமே ஆகாதவன், கர்ப்பம் பார்க்கிற கிட்டைப் பை நிறைய வாங்கிப் போகிறான். மருந்துக் கடைக்கு விடுமுறை என்றால் சித்தர் மௌன விரதம். அதெப்படி, கடை மூடினால் கண்ணாடிக்கும் கண் மூடிக்கொள்கிறது?

பார்த்துவிடலாமே என்று அடுத்த தெருக் கடைக்காரரிடமும் அவனுக்குக் கிட் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தாள். மறுநாள் காலையில் மச்சான் வந்தான்.

"ஸ்டாக் இல்லண்ணே" என்றாள்.

அவன் முகம் சுண்டிப்போய் ஓடியபோதே போன் அடித்தது. ஓரகத்தியின் குரல்.

"அக்கா, வலி தாங்கல. ரத்தம் வேற படுது. அத்தை மறுபடியும் சித்தர்கிட்ட கூட்டிட்டு வந்துட்டாங்க."

வாய்க்காரி ஒரு கிட்டை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

அங்கே சித்தர் வெறுங்கையோடு திரைக்கு வெளியே நின்றிருந்தார். "இன்னைக்குக் கண்ணாடி மங்கிடுச்சு. யாரோ தீட்டோட வந்திருக்கீங்க!"

தீட்டு வரவில்லையே என்று வந்த கூட்டம், தீட்டோடு வந்தவள் யார் என்று ஒருத்தியை ஒருத்தி முறைத்தது. சுவரில் சாய்ந்திருந்த சின்ன மருமகளைச் சித்தர் கண்டுகொண்டார். "இவதான்!"

"பாவி, வாசல்லயே நிக்கக் கூடாதா?" என்று மாமியாரும் சேர்ந்துகொண்டார். கூட்டிக்கொண்டு வந்ததே அவர்தான்.

"மங்கினது கண்ணாடி இல்ல சாமி" என்று படியேறினாள் வாய்க்காரி. "கடையில ஸ்டாக் இல்ல." ஓரகத்தியின் வெளுத்த முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்தாள். "எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

மாமியார் வழியை மறித்தார். "கண்ணாடியே இல்லன்னு சொல்லிடுச்சு. ரத்தமும் வந்தாச்சு. எதுக்கு ஆஸ்பத்திரி?"

பேசினால் ஆகாது என்று தெரிந்தது. வாய்க்காரி ஓரகத்தியின் பாட்டிலைப் பிடுங்கி, அத்தனை பேர் முன்னாலும் கிட்டில் சொட்டு விட்டாள். முதலில் ஒரு கோடு. பிறகு மெதுவாக இன்னொன்று. திரையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே சவரக் கண்ணாடி ஒன்று. கீழே பயன்படுத்திய கிட்டுகள் குப்பையாக. கிட்டோடு வரும் விளக்கத் தாளில்தான் ஞானக் கண்ணாடியைத் துடைத்திருந்தார்கள்.

"இதான் உங்க சாமி. ரெண்டு கோடு வந்தா கர்ப்பம்" என்றாள் வாய்க்காரி. "ரொம்ப சீக்கிரம் பாத்தா தெரியாம போகும், சில நாள் கழிச்சு மறுபடி பாக்கணும். கர்ப்பமா இருந்தும் ரத்தம் படலாம். அதோட ஒரு பக்கமா வலிச்சா டாக்டர்கிட்ட ஓடணும், கயிறு கட்டிட்டு உக்காரக் கூடாது!"

"அக்கா... தோள்பட்டை வலிக்குது. கண்ணு இருட்டுது."

மாமியார் வழி விட்டார். ஆட்டோவில் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டதும் அவர்தான்.

கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தது. குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆளே இல்லம்மா" என்றார் டாக்டர். கருவைக் காப்பாற்ற வழியில்லை. அவளைக் காப்பாற்றினார்கள்.

"பேசாம மெஷினைப் பாருன்னு சொன்னேனே" என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் தேம்பினார் மாமியார். வாய்க்காரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சித்தர் அன்றே கண்ணாடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்படி வழியாக இறங்கிவிட்டார். எங்கேயாவது வேறு மாடிப்படி கிடைத்திருக்கும். நாம் இருக்கும்வரை அவருக்கென்ன பஞ்சம்?

எந்தக் கண்ணாடியிலும் தலை நன்றாகவே தெரியும் தாய்மார்களே. வாரிப் பின்னிக்கொள்ள மட்டும்தான் அந்தத் தலை என்று எவன் சொன்னான்?