எம்ஆர்டியில் ஏறிய கரும்பு

முப்பத்தைந்து வயதில் வேலையை விட்டு ஓய்வு பெறுவது எப்படி என்று ஒருவன் வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டால், கஷ்டப்படுவது அவனில்லை. அவனோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள்தான். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டதில்லை. என் வீட்டார் பட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வீடு தீவின் வடகோடியில், செம்பவாங்கில். வேலை பூன் லே பக்கம் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில். எந்தச் சரக்கு எந்த லாரியில் ஏறினால் சேதாரமில்லாமல் போய்ச் சேரும் என்று யோசித்துச் சொல்ல எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். (இந்த விவரத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைத் திட்டும்போது உதவும்.)

வீடியோ பார்த்த வாரத்திலேயே ஏர்கான் ரிமோட்டை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அப்பா பனியனை நெஞ்சுவரை சுருட்டிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் பாய் விரித்தார். வெளியில் காப்பி குடிப்பதை நிறுத்தினேன். ஃபிளாஸ்கில் ரசம் கொண்டுபோனேன். (ஏன் ரசம் என்று கேட்காதீர்கள். வீட்டில் மிஞ்சியது அதுதான்.) தங்கை நித்யா பபிள் டீயோடு வாசலில் நுழைந்தால், அந்தக் காசைப் போட்டு வைத்திருந்தால் பத்து வருஷத்தில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று சொல்வேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை சத்தமாக உறிஞ்சுவாள்.

சிக்கனம் மட்டும் போதாது, தொழிலும் வேண்டும் என்றது அடுத்த வீடியோ. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது, படுத்தால் மூளை ஆடியது. போன் கவர் விற்கலாம் என்று திங்கட்கிழமை தோன்றும், புதன்கிழமைக்குள் அது சாம்பிராணியாக மாறியிருக்கும். மற்றவர்கள் எல்லாரும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன் என்று ஒரு பதற்றம். இந்த நிலைமையில்தான் பொங்கல் வந்தது.

எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சேர்ந்த ஆறு வீட்டுப் பெண்கள் வருஷா வருஷம் ஒன்றுகூடி, கீழ்த்தளத்தில் திறந்த கூடமாக இருக்கும் வாய்ட் டெக்கில் பொங்கல் வைப்பார்கள். பானைக்கு இரண்டு பக்கமும் கரும்பு நிற்கும். ஆளுக்கு ஒரு ஜோடி வீட்டுக்கும் போகும். கரும்பு வாங்கும் பொறுப்பு எப்போதும் சரோஜா ஆன்ட்டியிடம்தான் இருக்கும். அந்த வருஷம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால், பொறுப்பு என் அம்மாவிடம் வந்தது.

அம்மா அந்தக் கூட்டத்தில் அதுவரை பாத்திரம் கழுவுகிறவர். யாரும் கழுவச் சொன்னதில்லை, அவராகவே போய்க் கழுவுவார். கூச்சம். ஒரு காரியத்தை நம்பி அவரிடம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. "சாந்தி பாத்துப்பான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க" என்று அப்பாவிடமும் என்னிடமும் தனித்தனியாகச் சொன்னார். போனில் அவர் அக்காவிடமும் சொன்னார்.

"ஆர்டரை எனக்குக் குடும்மா," என்றேன். "தேக்காவுல மொத்தமா வாங்கி டெலிவரி பண்றேன். இதுதான் என் பிசினஸ்ல ஃபர்ஸ்ட் ஆர்டர்."

"வெளையாடாதடா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"என் வேலையே சரக்கு அனுப்புறதும்மா. என்னை நம்ப மாட்டியா?"

அம்மா நம்பினார். பாவம், அம்மாக்களுக்கு வேறு வழியில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம், அம்மாவின் மார்க்கெட் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவில் போய் இறங்கினேன். கேம்பல் லேனில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் கொத்து, மண்பானை, தோரணம், அதற்கு நடுவே மனிதர்கள். தெரிந்த கடைக்காரரான பஷீர் பாய் நல்ல கரும்பாகப் பார்த்து ஏழு ஜோடி எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் என்னைவிட உயரம். உச்சியில் பச்சைப் பசேலென்று தோகை.

"வேனுக்குச் சொல்லட்டுமா தம்பி? செம்பவாங் வரைக்கும் கொண்டாந்து போட்ருவாங்க."

"வேணாம் பாய். வேன் எடுத்தா லாபமே போயிரும்."

"அப்ப எப்படிக் கொண்டு போவீங்க?"

"எம்ஆர்டி ரயில்ல."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு கரும்பைப் பார்த்தார். பிறகு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

நிலையத்துக் கதவருகிலேயே ஒரு சீனப் பெண் ஊழியர் என்னை நிறுத்தினார். மிகவும் மரியாதையாகத்தான் நிறுத்தினார். "கேனாட் லா. டூ லாங்." எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார்.

அங்கேயே திரும்பிப் போய் வேனுக்குச் சொல்லியிருக்கலாம். புத்தியுள்ளவன் சொல்லியிருப்பான். எனக்கோ பிரச்சினை நீளம் மட்டும்தான் என்று பட்டது. நீளம்தானே, குறைத்தால் போச்சு. கரும்பைத் தூக்கிக்கொண்டு நேராக மார்க்கெட்டில் கரும்பு ஜூஸ் விற்கும் சீன அங்கிளிடம் போனேன். பாதியாக நறுக்கச் சொன்னேன். கத்தியை ஓங்கியவர், தோகையைக் காட்டி, "திஸ் ஒன் வாண்ட்?" என்றார்.

ஒரு கணம் யோசித்தேன். தோகையை யார் தின்கிறார்கள்? அது வீண் சுமை. தள்ளுவண்டியில் இடத்தை அடைக்கும். "டோன்ட் வாண்ட்," என்றேன்.

பதினான்கு தலைகளும் குப்பைக் கூடைக்குள் போயின. "யூ ஓபன் ஸ்டால் ஆ?" என்றார் அங்கிள், தொழில் போட்டி வருகிறதோ என்று. "சூன்," என்றேன் பெருமையாக. ரயிலில் உட்கார்ந்து, அடுத்த தீபாவளிக்குத் தீவு முழுக்க என்னென்ன டெலிவரி செய்யலாம் என்று செம்பவாங் வரும்வரை கணக்குப் போட்டேன். கால் ஆடிக்கொண்டே வந்தது.

வாய்ட் டெக்கில் எல்லாரும் காத்திருந்தார்கள். ஆன்ட்டிகள் மறுநாளைக்கான இடத்தைக் கூட்டி, கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சரோஜா ஆன்ட்டி காலை நீட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அம்மா நல்ல புடவை கட்டியிருந்தார். நான் தள்ளுவண்டியின் மூடியைத் திறந்தேன்.

முதலில் வாயைத் திறந்தது நித்யாதான். "அண்ணா, தலை எங்க?"

"என்னப்பா," என்றார் சரோஜா ஆன்ட்டி, "நாளைக்குப் பொங்கல் வைக்கிறோமா, ஜூஸ் போடுறோமா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வாடிக்கையாளரின் சந்தேகத்தைத் தீர்ப்பது எப்படி என்று ஒரு வீடியோ இருந்தது. "இலையை யாரும் சாப்பிடறதில்ல ஆன்ட்டி. அதனால வேஸ்ட்டை எடுத்துட்டேன். இப்ப லிஃப்ட்லயும் ஈஸியா போகும் பாருங்க," என்றேன்.

கோலமாவு வைத்திருந்த ஆன்ட்டி மாவைக் கீழே வைத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. சாமிக்கு வைக்கிற கரும்பு தோகையோடு முழுசாக நிற்க வேண்டும் என்று ஐந்து வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. லாபக் கணக்கில் மறந்தே போயிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது, இனி தேக்கா போனாலும் நல்ல கரும்பு மிஞ்சியிருக்காது. அம்மாவை நம்பி ஆறு வீடும் சும்மா இருந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது.

"நான்தான் அப்படி வெட்டிட்டு வரச் சொன்னேன்," என்றார் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"போன வருஷம் வீட்டுல வெச்சப்ப ஃபேன்ல இடிச்சிருச்சுக்கா. அதான் சின்னதா இருந்தா நல்லதுன்னு தோணுச்சு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். என் தப்புதான்."

சரோஜா ஆன்ட்டி அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து இரண்டு துண்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நல்ல யோசனைதான் சாந்தி. எங்க வீட்லயும் இடிக்கும்," என்றார். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஓரமாகப் போய் பஷீர் பாய்க்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஒரு கரும்புகூட மிச்சமில்லை. "ஆமா, தலையை என்ன தம்பி பண்ணீங்க?" என்று அவரும் கேட்டார்.

லிஃப்ட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"வேற என்னடா சொல்லச் சொல்ற? என் புள்ள மக்குன்னா?" என்றார். எங்கள் மாடி வந்ததும், "ஏர்கான் ரிமோட்டை எடுத்துக் குடு," என்றார். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அப்பா அன்று எட்டு மணிக்கே தூங்கப் போனார்.

மறுநாள் கரும்புத் துண்டுகளைப் பிளாஸ்டிக் ஸ்டூல்களின் மேல் ஏற்றி, பானைக்கு இரண்டு பக்கமும் கட்டி நிறுத்தினார்கள். பொங்கல் நன்றாகவே பொங்கியது. என் தொழில் அத்தோடு முடிந்தது. இப்போதும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். அம்மாவிடமிருந்து கரும்புப் பொறுப்பை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் யாராவது ஒரு ஆன்ட்டி, "சாந்தி, இந்த வருஷம் எந்த சைஸ்?" என்பார். "ஃபேன்ல இடிக்காத சைஸ்," என்பார் அம்மா. பழி அவர் மேலேயே நிற்கிறதே என்று எனக்குத்தான் கரும்பு இனிக்காது.

போன வருஷம் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. சரோஜா ஆன்ட்டி எனக்கு மனைவியாக வரப்போகும் மீனாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"கூறைப் புடவை எடுக்க இவனைத் தனியா அனுப்பிடாதம்மா. பையில கொள்ளலன்னு முந்தானையை வெட்டிட்டு வந்து நிப்பான்."

மீனா விழித்தாள். ஆன்ட்டி எம்ஆர்டியிலிருந்து தலைகள்வரை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்டா. வாஷிங் மெஷின் வாங்கவே ராகுகாலம் பாக்கிறவ உங்கம்மா. அவளா தலையில்லாத கரும்பு கேப்பா? மிச்சத்தை நித்யா சொல்லிட்டா. அந்த நேரத்துல எங்களுக்குக் கரும்பா முக்கியம்?"

சுற்றியிருந்த ஆன்ட்டிகள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, அம்மா பலகாரத் தட்டோடு வேகமாக வந்தார். வரும்போதே மீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"அது நான்தாம்மா வெட்டிட்டு வரச் சொன்னேன். இவன் மேல தப்பில்ல," என்றார்.

சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஆமா சாந்தி, நீதான் சொன்ன," என்றார் சரோஜா ஆன்ட்டி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.