எங்கள் அலுவலகம் நடந்து போன நாள்

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்களிடம் ஒரு குறை உண்டு. பட்டியலில் இல்லாத விஷயம் உலகத்திலும் இல்லை என்று நினைத்துவிடுவோம். நான் அப்படி நினைத்ததால், புங்குடுதீவில் ஒரு நல்ல மனிதரை ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குச் சாகடித்திருக்கிறேன். அவர் என் மேலதிகாரி என்பது விஷயத்தை இன்னும் சிக்கலாக்கியது.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு, பக்கத்துத் தீவான வேலணையில் இருந்து தினமும் குறிகட்டுவான் பஸ்ஸில் புங்குடுதீவுக்குப் போய், ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் பன்னிரண்டு பேர் வேலை செய்தோம். ஒருநாள் தலைமை அலுவலகத்தில் இருந்து சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் நாள் முழுவதும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்களாம். அவர்களை நடக்கவும் அசையவும் தூண்டி, அதைப் பழக்கமாக்க ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டுமாம். எங்கள் முகாமையாளர் தவராசா சேர் அதைக் கதிரையில் சாய்ந்தபடி வாசித்தார். பிறகு எழும்பாமலே கையை நீட்டி என் மேசையில் வைத்தார்.

"நீர்தான் இளம் ஆள், செய்யும். ஆனா வெளியில இருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் அண்டைக்கே நிப்பாட்டிப்போடவேணும்."

சிவபாலன் அண்ணை மட்டும் இல்லாவிட்டால் அந்தக் கடிதம் கோப்புக்குள்ளேயே உறங்கியிருக்கும். அவர் எங்கள் தலைமை எழுதுவினைஞர். வயது ஐம்பத்திரண்டு, நீரிழிவு. வீடு அலுவலகத்தில் இருந்து இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை, அதற்கும் பஸ்தான். மூன்று மாதத்துக்குள் சீனி குறையாவிட்டால் தினமும் ஊசி என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணையோ, பக்கத்து ஆளுக்கு ஊசி போட்டாலும் மறுபக்கம் திரும்பி நிற்கிறவர்.

"எனக்கு அது ஏலாது பிள்ளை. நடக்கச் சொன்னால் நடப்பன். தனிய நடக்கமாட்டன், வெக்கமாக்கிடக்கு. ஒரு வழி பாரும்."

நான் பதினேழு விஷயங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். ஒரே நேரம், ஒரே பாதை. சிறிய இலக்கு. போனில் காலடி எண்ணிக்கை. சுவரில் எல்லாரும் பார்க்கும்படி ஓர் அட்டவணை. (தவராசா சேரின் பெயருக்கு நேரே கடைசிவரை பூச்சியம்தான் இருந்தது.) இவ்வளவும் இருந்தால் யாருக்கும் பழக்கம் வந்துவிடும் என்று நான் மனதார நம்பினேன்.

முதல் வாரத் திட்டம், பஸ்ஸில் ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடப்பது. வார முடிவில் காலடிக் கணக்கின் வரைபடத்தைப் பார்த்தால் கோடு கீழே போயிருந்தது. காரணம் எளிது. தீவில் ஒருவர் தெருவால் நடந்தால் அவருடைய வாகனம் பழுது என்று அர்த்தம். போகிற வருகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் நிற்கும். ஏறமாட்டேன் என்றால் கோபம் வரும், அந்தக் கோபம் பிள்ளைகளின் கலியாணம்வரை நீடிக்கும். சிவபாலன் அண்ணையை பஸ் கொண்டக்டர் இறங்கவே விடவில்லை. "உங்கட இடம் இதில்லை அண்ணை, இருங்கோ" என்று தோளில் கைவைத்து இருத்திவிட்டாராம். முந்திய வாரத்தைவிட அவர் குறைவாக நடந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. எல்லாரும் சேர்ந்து நடந்தால்? பதினொரு பேரை எந்த மோட்டார் சைக்கிளாலும் ஏற்ற முடியாது. இந்தக் கணக்கை நினைத்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

விதிகளையும் நான்தான் எழுதினேன். தெரு ஓரமாக ஒற்றை வரிசை. வாகனக்காரருக்குத் தெரியும்படி வெள்ளை அல்லது வெளிறிய உடுப்பு. கதைத்தால் வேகம் குறையும் என்பதால் கதைக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னுக்கு ஒரு பனர், அதைத் தூக்குவது சிவபாலன் அண்ணை. தூரத்தில் இருந்தும் வாசிக்கலாம் என்று வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்தாக அடிப்பித்திருந்தேன். போக இரண்டாயிரம் காலடி, வர இரண்டாயிரம். அளந்து பார்த்ததில் இரண்டாயிரமாவது காலடி இறுப்பிட்டியில் தவராசா சேரின் வீட்டுப் படலை வாசலில் வந்து நின்றது. நல்ல அடையாளம் என்று குறித்துக்கொண்டேன். சேர் அன்று சுகயீன லீவு. (என்ன நோய் என்று படிவத்தில் இருந்த எழுத்தை வாசிக்க முடியவில்லை.)

நாலேகாலுக்குப் புறப்பட்டோம். கடல் காற்று பனரோடு சேர்த்து அண்ணையையும் வயலுக்குள் இழுத்துப்போகப் பார்த்தது. அதனால் அதைச் சுருட்டி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நடந்தார். பின்னால் நான், எனக்குப் பின்னால் ஒன்பது பேர். வெள்ளை உடுப்பு, மூடிய வாய், ஒற்றை வரிசை, சுருட்டிய பனர்.

எங்கள் பக்கத்தில் ஓர் அலுவலகம் செத்தவீட்டுக்குப் போவது சரியாக இப்படித்தான். அந்தப் பனரில் கண்ணீர் அஞ்சலி என்று இருக்கும், அதை வீட்டு வாசலில் கட்டுவார்கள். செத்தவீட்டுக்கு முகம் காட்டாமல் விட்டவரை ஊர் மறக்காது. அதேநேரம், போகிறவர்களை மறித்து ஆர் செத்தது என்று கேட்கவும் முடியாது. கேட்டால், உனக்கு இதுகூடத் தெரியாதா என்றாகிவிடும். ஆகவே பேசாமல் பின்னால் சேர்ந்து, கடைசி ஆளிடம் மெதுவாக விசாரித்துக்கொள்வதுதான் வழக்கம்.

முதலில் கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மாடு கட்டப் போன இரண்டு பெண்கள் மாட்டை விட்டுவிட்டு வந்தார்கள். குறிகட்டுவானில் இருந்து வந்த பஸ் வேகத்தைக் குறைத்தது, சாரதி பாட்டை நிறுத்தினார், நாலைந்து பேர் இறங்கினார்கள். பின்னால் காலடிச் சத்தம் கூடிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. நல்ல பழக்கம் ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தொற்றும் என்று எங்கோ வாசித்தது நினைவுக்கு வர, எனக்கு மெய் சிலிர்த்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. விதி அப்படி.

வரிசையின் வாலில் இருந்தவர்கள் அதற்குள் எங்களை எண்ணிவிட்டார்கள். அலுவலகத்தில் பன்னிரண்டு பேர், இங்கே பதினொரு பேர். இல்லாதவர் மனேச்சர், தெருவும் அவருடைய வீட்டுக்குத்தான் போகிறது. அவர்களும் என்னைப்போலவே முறையாக யோசிக்கிறவர்கள்.

படலையில் நின்று திரும்பினேன். நாற்பது பேருக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் வந்து என் கையைப் பிடித்தார்.

"நேற்றும் கடைக்கு வந்தவர், பிள்ளை."

சிவபாலன் அண்ணையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "ஓம் அண்ணை, இனி ஒவ்வொரு நாளும் இதால வருவார்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் விளக்கத் தெரியவில்லை.

படலை திறந்தது. சேரின் மனைவி வெள்ளை உடுப்புகளைப் பார்த்தார், பனரைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். பிறகு பின்வளவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே படலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் என் மூளையும் பன்னிரண்டில் இருந்து பதினொன்றைக் கழித்தது. அந்த நேரம் பார்த்து சிவபாலன் அண்ணை, வந்த இடத்தில் காட்டத்தானே வேண்டும் என்று பனரை விரித்தார். நாற்பது பேரும் மௌனமாக வாசித்தார்கள்: நடப்போம், நலம் பெறுவோம்.

அப்போது வரிசையின் வாலில் சனம் விலகியது. தவராசா சேர் வந்துகொண்டிருந்தார். இடுப்பில் சாரம், பொத்தான் மாறிப் பூட்டிய சேட்டு, இரண்டு நாள் தாடி, கண்ணாடி இல்லை. அவருக்கு ஒரு நோயும் இல்லை. ஆள்விட்டு வேலி அடைப்பித்துக்கொண்டு பின்வளவு வேப்பமரத்தடியில் கதிரை போட்டு இருந்திருக்கிறார். தெருவில் சனம் போவதைக் கண்டதும், அயலில் ஏதோ செத்தவீடு என்று சேட்டொன்றை மாட்டிக்கொண்டு பின்பக்கத்து ஒழுங்கைப் பாதையால் வந்து கடைசியில் சேர்ந்திருக்கிறார். கடைக்காரர் என் கையை விட்டார்.

சேர் என் முன்னால் வந்து நின்றார். "தங்கச்சி, நான் எத்தினை மணிக்குச் செத்தனான்?"

"திட்டத்தில அது இல்லை சேர்" என்றேன்.

அவருடைய மனைவி சிரித்தார், அழுதார், பிறகு நாற்பது பேருக்கும் தேத்தண்ணி போட்டார். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் ஊர் வட்ஸ்அப் குழுவில் சேரின் படத்துக்குக் கறுப்புக் கரையும் குத்துவிளக்கும் வந்துவிட்டன. கனடாவில் இருந்தும் பிரான்ஸில் இருந்தும் மூன்று நாள் அழைப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் சேர்தான் பதில் சொன்னார்.

மறுநாள் காலை சேரின் கையெழுத்தோடு அறிவித்தல் ஒட்டப்பட்டது. வரிசையாக நடத்தல், பனர் ஏந்தல், மௌனமாகக் கூடுதல் ஆகியன மறு அறிவித்தல்வரை தடை. நான் சுவரில் இருந்த அட்டவணையைக் கழற்றினேன். சிவபாலன் அண்ணை வெறும் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிளினிக்குக்கு இன்னும் ஏழு கிழமை கிடக்கு, பிள்ளை."

அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். நான் எளிதில் அழுகிறவள் இல்லை. அழகான ஓர் அட்டவணைக்காக ஒரு மனிதரின் உடம்போடு விளையாடிவிட்டேன் என்று தோன்றியது. தனிய நடக்க வெட்கம் என்று அவர் சொன்னபோது, எதற்கு வெட்கம் என்று நான் கேட்கவேயில்லை. காரணமில்லாமல் தெருவில் நடப்பவரை இந்த ஊர் விசாரித்தே கொன்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துத் தீவில்தானே வளர்ந்தேன்.

மூன்றாம் நாள் நாலேகாலுக்கு அண்ணை குடையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தார். ஒரு மோட்டார் சைக்கிளும் நிற்கவில்லை. இப்போது எல்லாருக்கும் காரணம் தெரியும். பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, "இண்டைக்கு ஆர் அண்ணை?" என்று மட்டும் கேட்பார்கள். அவர் ஒரு பெயரைச் சொல்லுவார். பெரும்பாலும் என்னுடைய பெயரை. ஒருநாள் மழைக்கு அவர் பஸ் ஏறிவிட, கடைக்காரர் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். "ஆளைக் காணேல்லை. சுகமோ?" அதன்பிறகு அண்ணை மழைக்கும் நடந்தார். என் அட்டவணைக்கு அவர் இப்படிப் பயந்ததில்லை.

அடுத்த வாரம், எல்லாரும் போன பிறகு தவராசா சேர் என் மேசைக்கு வந்தார். நடந்து வந்தார். போனை நீட்டினார்.

"இதில காலடி எண்ணுறது எங்கை கிடக்கு?"

காட்டினேன். அவர் போகவில்லை. அன்று வரிசையின் வாலில் தனக்குப் பக்கத்தில் நயினாதீவுப் பெண் ஒருவர் வந்ததாகச் சொன்னார். எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தரம் படிவத்தோடு வந்தவராம். மேசைக்கு மேலே தெரிகிற, கண்ணாடி போட்ட சேரின் பாதியை மட்டும் கண்டவர். சாரத்தோடு நின்றவரை அடையாளம் தெரியவில்லை. ஆர் செத்தது என்று சேர் அவரிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"உந்தக் கந்தோர் மனேச்சராம். நல்ல மனிசன், பாவம். ரெண்டு தரமும் என்ர வேலையை முடிச்சுத் தந்தவர். ஆனா அந்தாள் கதிரையால எழும்பி நான் காணேல்லை. அதுதான் கொண்டு போயிருக்கும்" என்றாராம்.

சேர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நான் அவவுக்கு என்ன சொன்னனான் தெரியுமே? ஓம், அப்பிடித்தான் இருக்கும் எண்டனான்."

மறுநாள் முதல் இறுப்பிட்டித் தெருவில் இரண்டு பேர் நடந்தார்கள். வரிசையாக நடக்கத் தடை இருந்ததால் ஐம்பது மீற்றர் இடைவெளி விட்டு. (அந்தத் தடை இன்றுவரை நீக்கப்படவில்லை.) ஏழாவது வாரம் கிளினிக்கில் இருந்து அண்ணை எனக்குப் போன் எடுத்தார். டொக்டர் கடதாசியை இரண்டு தரம் பார்த்தாராம். ஊசி இப்போதைக்கு வேண்டாம், செய்கிறதை விடாமல் செய்யுங்கோ என்றாராம். பிறகு, நாலேகாலுக்கு நடக்க வெளிக்கிட வேணும் என்று போனை வைத்தார்.

நானும் இப்போது வேலணையில் பின்னேரங்களில் நடக்கிறேன். திரும்பி வரும்போது என் தங்கை முற்றத்தில் நின்று, எத்தனை பேர் வந்தவை என்று கேட்பாள். அம்மா கேட்பதில்லை. செத்தவீட்டுக்குப் போய் வந்தவருக்குச் சொல்வதுபோல, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வாசலை மறித்து நிற்பார்.

"கிணத்தடியில முழுகிப்போட்டு உள்ளுக்கு வா."

நடந்து வியர்த்து வருகிறவளுக்கு அதுவும் நல்லதுதான். பட்டியலில் பதினெட்டாவதாக எழுதி வைத்திருக்கிறேன்.