பாதி வாத்து

இதை எனக்கு முதலில் சொன்னது என் தம்பிதான். போன மாதம், மழை விட்ட மறுநாள், கடையைக்கூடத் திறக்காமல் நேராக என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னான். "அக்கா, நீ சிரிக்கக் கூடாது" என்றான். சிரிப்பு வராமலிருக்கக் கடவுளை வேண்டிக்கொண்டுதான் கேட்டேன். பாதியில் அவரும் கைவிட்டுவிட்டார்.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பறவைக் காப்பகத்துக்கு ஓடிவிடுவான். பதினோரு வருஷமாக இதே ஓட்டம். இதனால் அவன் வீட்டில் கிழக்கே பெரிய ஜன்னல் வைத்த சின்ன அறையில் சூரியன் உதித்தால் நான்கு ஜோடி ரப்பர் பூட்ஸ் மேலும், சேறு காய்ந்த தொப்பிகள் மேலும், பறவைப் புத்தகங்கள் மேலும்தான் உதிக்கும். அவன் மனைவி தையல்காரி. அவள் மிஷினோ அடுப்புக்குப் பக்கத்தில். தைத்த கோட்டில் வெங்காய வாசனை வருகிறதென்று ஒரு வக்கீல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவள் கேட்பது அந்த அறை ஒன்றைத்தான்.

தம்பி மறுக்கவில்லை. அவ்வளவு தைரியம் ஏது? அவள் "என்னங்க, அந்த ரூம்" என்று ஆரம்பித்தால் இவனுக்குக் கடையில் அவசர வேலை வந்துவிடும். கடைசியில் ஒரு திட்டம் போட்டான். காப்பகத்தில், பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கப் பலகைக் குடில் இருக்கிறது. அதற்குள் பேசக் கூடாது. அங்கே அவளைக் கூட்டிப்போனால் ஒரு நாளாவது தப்பிக்கலாம்.

"இந்த வாரம் நீயும் வாயேன். ஆனா வாயைத் திறக்கக் கூடாது. சத்தம் கேட்டா மொத்தமும் பறந்துடும்."

"சரிங்க" என்றாளாம். உடனே சரி என்றாளே, அப்போதே இவனுக்கு உறைத்திருக்க வேண்டாமா?

மூன்று மணி நேரம் அவள் மூச்சுகூட விடவில்லை. சேற்றில் உள்ளான் பறவைகள் சொர்க்கத்துத் தூதர்கள் மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் அது வந்தது. செம்மஞ்சள் தலையும் பவழ அலகுமாக ஒரு செந்தலை வாத்து! அந்த ஏரியில் யாரும் பார்த்திராதது.

இப்படி அரிதானது வந்தால் வாசலில் உள்ள பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஆனால் இரண்டு பேர் பார்த்திருந்தால்தான் செல்லும். ஊர்ப் பல் டாக்டர் பெயரில் நான்கு பறவை இருக்கிறது. தம்பி பெயரில் ஒரு குருவிகூட இல்லை.

"பாத்தியா?" என்று கிசுகிசுத்தான்.

"எதைங்க?"

"அதோ, நாணல் பக்கத்துல!"

"நாணல் தெரியுது."

"அதுக்கு முன்னாடி!"

"தண்ணி தெரியுது."

"தண்ணிக்கு மேல!"

"வெயில் அடிக்குது."

தம்பிக்கு வியர்த்துவிட்டது. "அவ்வளவு பெரிய செவப்புத் தலை தெரியலையா? நேத்து ராத்திரி ஊசியில நூல் கோத்தியே!"

"அது கைப்பழக்கம். அடுப்புப் புகையில தைச்சுத் தைச்சு, தூரத்துல இருக்கறது மங்குது. வெளிச்சமான ரூம்ல தைக்கறவங்களுக்குத் தெரியும்போல."

அவனுக்குப் புரிந்துவிட்டது. கத்த வாயைத் திறந்தான். உள்ளான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. வாயை மூடிக்கொண்டான். வாத்து நாணலை நோக்கி நகர ஆரம்பித்தது.

"இது அநியாயம்டி!"

"மெதுவா பேசுங்க. அது திரும்புது."

"அப்போ தெரியுது உனக்கு!"

"தண்ணி அசையுதேன்னு சொன்னேன்."

"சரி, பாதி ரூம் எடுத்துக்கோ."

அவள் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். "பாதி வாத்துதாங்க தெரியுது."

"ஜன்னல் பக்கத்துப் பாதி!"

"ஆங், தலை தெரியுது. உடம்பைத்தான் காணோம்."

"முழு ரூம்! பூட்ஸ், புத்தகம் எல்லாத்தையும் நாளைக்கே எடுத்துடறேன். போதுமா?"

"அடேயப்பா!" என்றாள். "கழுத்து கறுப்பு, விலா வெள்ளை, பவழ அலகு. நாணலுக்குள்ள பெட்டையும் இருக்கு, பழுப்பா, கன்னம் மட்டும் வெளுப்பா. நீங்க பாக்கலையா?"

இவன் தொலைநோக்கியைப் பிடுங்கிப் பார்ப்பதற்குள் இரண்டும் நாணலுக்குள் மறைந்துவிட்டன.

இத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. வாசலில் காப்பகக் காவலர் பதிவேட்டைத் திறந்து, "எத்தனை?" என்று கேட்டார்.

"ஒண்ணு" என்றான் தம்பி.

"ஜோடிங்க" என்றாள் அவள். பெட்டையின் கன்னத்திலிருந்து வால் வரை ஒப்பித்தாள். காவலர் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"நல்லாப் பாத்தது இவங்கதான்" என்று 'கண்டவர்' என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினார். "சார், ஆண் வாத்தை மட்டும் பாத்த நீங்க இங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

"போட்டியா?" என்று கேட்டேன்.

"பேனாவையும் அவதான் அக்கா குடுத்தா."

நான் இருவருக்காகவும்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் இந்தத் தடவை மேலே இருப்பவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார்.

உங்களுக்குத் தைக்க ஏதாவது இருந்தால் இனி அவளிடம் கொடுங்கள். வாசலில் தம்பி நின்றால் மட்டும், சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய்விடுங்கள்.